கோழித் தீவனத்தில் வைட்டமின்: மதுரைப் பக்கத்துப் பண்ணையாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி என்று மதுரையைச் சுற்றி நாட்டுக்கோழியும் சிறு அளவில் முட்டைக்கோழியும் வளர்த்து, தீவனத்தைச் சொந்தமாக அரைத்துக் கலக்குகிறவர்களுக்காக எழுதியது இது. வைட்டமின் வாங்குவதில் யாரும் குறை வைப்பதில்லை. வாங்கியதை வெயிலில் வைப்பதிலும், கரண்டியால் அளப்பதிலும், நோய் வந்த பிறகு பாட்டிலாகத் தண்ணீரில் ஊற்றுவதிலும்தான் பணமும் குஞ்சும் போகின்றன. அதனால் அந்த இடங்களில் கொஞ்சம் விரிவாகவே சொல்லியிருக்கிறோம்.

மக்காச்சோளம், சோயா, தவிடு எல்லாம் போடுகிறோம். அதிலேயே வைட்டமின் இல்லையா?

சில உண்டு, சில குறைவு, சில அறவே கிடையாது. மஞ்சள் மக்காச்சோளத்தில் வைட்டமின் ஏ ஆக மாறும் கரோட்டின் இருக்கிறது. ஆனால் களத்தில் காய்ந்து, மூட்டையில் மாதக்கணக்கில் கிடந்தால் அது குறைந்துகொண்டே போகும். கம்பு, வெள்ளைச் சோளம், குருணை இவற்றில் கரோட்டின் பேருக்குத்தான். பி2 தானியத்திலும் சோயாவிலும் தேவைக்குக் குறைவு. நியாசின் தானியத்தில் இருந்தாலும் பெரும்பகுதி கட்டுண்டு கிடப்பதால் கோழிக்கு ஒட்டாது. பி12-ம் டி3-ம் எந்தத் தானியத்திலும் புண்ணாக்கிலும் இல்லை. வைட்டமின் சி மட்டும் கோழியே தன் சிறுநீரகத்தில் செய்துகொள்ளும்.

தவிட்டின் அருமையை உலகத்துக்குச் சொன்னதே கோழிதான். 1890-களில் ஜாவாவில் வேலை பார்த்த டச்சு மருத்துவர் எய்க்மன், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் விளங்காமல் விழுவதையும், தவிட்டோடு கூடிய அரிசி கொடுத்ததும் எழுந்து நடப்பதையும் கண்டார். அந்தத் தவிட்டுச் சத்துதான் பின்னால் பி1 என்று பெயர் பெற்றது. 1929-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. வைட்டமின் கே-யும் அப்படித்தான். கொழுப்பு நீக்கிய தீவனம் தின்று ரத்தம் கசிந்த குஞ்சுகளைப் பார்த்துத்தான் டென்மார்க்கின் ஹென்ரிக் டாம் அதைக் கண்டறிந்தார்; 1943-க்கான நோபல் பரிசில் அவருக்கும் பங்கு உண்டு. வீட்டில் மிஞ்சிய சோறும் குருணையும் மட்டுமே போட்டு அடைத்து வளர்க்கிற கோழிக்கு, எய்க்மன் பார்த்த அதே நிலை இன்றைக்கும் வரும்.

வெளியே மேய்கிற நாட்டுக்கோழிக்கும் பிரிமிக்ஸ் (கலந்து விற்கும் வைட்டமின் பொடி) தேவையா?

காலையில் திறந்துவிட்டு, குப்பைமேடு, தொழுவம், வரப்பு என்று நாள் முழுக்கக் கிளறி மேய்கிற சிறுவிடைக் கோழிக்குப் பெரும்பாலும் தேவையில்லை. கீரையிலிருந்து கரோட்டின், கறையான், புழு, சாணத்திலிருந்து பி12, வெயிலிலிருந்து டி3 என்று எல்லாம் அங்கேயே கிடைத்துவிடுகிறது. டி3 உண்டாவது முக்கியமாக இறகு மூடாத கால் தோலில். குஞ்சுக்கு ஒரு நாளில் அரை மணி நேர நேர்வெயில் போதும். கண்ணாடிக்குப் பின்னால் விழும் வெயில் உதவாது.

ஆனால் 200, 300 என்று பெருக்கி, வலை கட்டிய ஒரே இடத்தில் விட்டால் கதை மாறுகிறது. இரண்டு மாதத்தில் அங்கே ஒரு புல்லும் ஒரு பூச்சியும் மிஞ்சாது. அதன்பின் அது திறந்தவெளிக் கொட்டகைதான். வெயில் ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் நீங்கள்தான் தீவனத்தில் கொடுக்க வேண்டும். முதல் நான்கு வாரம் புரூடரில் (குஞ்சுக்குச் சூடு கொடுக்கும் அடைப்பில்) இருக்கும் குஞ்சுக்கும், கூண்டில் இருக்கும் கோழிக்கும் முழு அளவு கட்டாயம். ஆழ்கூளத்தில் (தரையில் கனமாகப் பரப்பிய உமி, மரத்தூள் மேல்) வளரும் கோழி கூளத்தைக் கொத்துவதால் பி12-ம் ஓரளவு மற்ற பி வைட்டமின்களும் பெறும். கூண்டுக்கோழிக்கு அந்த வழியும் அடைபட்டுப் போகிறது.

எந்த வைட்டமின் எவ்வளவு வேண்டும்?

இரண்டு வகைக் கணக்கு உண்டு. குறைபாடு வராமல் காக்கும் அளவு ஒன்று. அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் குழு 1994-ல் வெளியிட்ட பட்டியல் அப்படிப்பட்டது. பிராய்லர் (கறிக்கோழி) தீவனம் ஒரு கிலோவுக்கு ஏ 1,500 ஐ.யு. (சர்வதேச அலகு), டி3 200 ஐ.யு., இ 10 ஐ.யு., பி2 3.6 மில்லிகிராம் என்று அது சொல்கிறது. வெப்பம், கிருமி, பழைய மக்காச்சோளம், பூஞ்சை நஞ்சு எதுவும் இல்லாத ஆய்வுக்கூட நிலைமைக்கான கீழ்க்கோடு அது. பண்ணையில் அந்த அளவை நம்பி இறங்கக் கூடாது.

நடைமுறையில் ஒரு கிலோ தீவனத்தில் இருக்க வேண்டியது: ஏ 8,000 முதல் 12,000 ஐ.யு., டி3 2,000 முதல் 4,000 ஐ.யு., இ 15 முதல் 50 மில்லிகிராம், கே 2 முதல் 3 மில்லிகிராம். பி வரிசையில் பி1 2 முதல் 3, பி2 5 முதல் 8, பி6 3 முதல் 5, நியாசின் 30 முதல் 60, பான்டோதெனிக் அமிலம் 10 முதல் 15, ஃபோலிக் அமிலம் 1 முதல் 2, பயோட்டின் 0.1 முதல் 0.2 மில்லிகிராம். பி12 15 முதல் 30 மைக்ரோகிராம். குஞ்சுக்கும் தாய்க்கோழிக்கும் மேல் அளவு. வளர்பருவத்துக் கோழிக்குக் கீழ் அளவு போதும்.

பாக்கெட்டில் எழுதியிருப்பதை எப்படிப் படிப்பது? 100 கிலோவுக்கு 10 கிராம் என்றால் சரியாக இருக்குமா?

கணக்குப் போட்டுப் பார்க்காமல் தெரியாது. சந்தையில் ஏ, பி2, டி3, கே நான்கும் சேர்ந்த பொடி பரவலாகக் கிடைக்கிறது. ஒரு கிராமில் ஏ 82,500 ஐ.யு., டி3 12,000 ஐ.யு., பி2 50 மில்லிகிராம், கே 10 மில்லிகிராம் என்று பாக்கெட்டில் இருப்பதாக வையுங்கள். 10 கிராமை 100 கிலோவில் கலந்தால், ஒரு கிலோ தீவனத்துக்குக் கிடைப்பதை அறிய ஒவ்வொரு எண்ணையும் பத்தால் வகுத்தால் போதும். ஏ 8,250 ஐ.யு., பி2 5 மில்லிகிராம். இரண்டும் சரி. டி3 1,200 ஐ.யு., கே 1 மில்லிகிராம். இரண்டும் குறைவு. இ சுத்தமாக இல்லை. பி2 தவிர்த்த மற்ற பி வைட்டமின்களும் இல்லை.

இங்கேதான் பலர் பொடியை இரட்டிப்பாக்குகிறார்கள். அப்படிச் செய்தால் டி3 சரியாகும், ஏ 16,500-க்கு ஏறிவிடும். ஏ மிகுந்தால் குடலில் டி, இ இரண்டும் ஒட்டுவது குறையும்; எதற்காக இரட்டிப்பாக்கினோமோ அதையே கெடுக்கும். குறைவதை மட்டும் தனியாகச் சேர்ப்பதுதான் வழி.

டி3 தனிப்பொடி பெரும்பாலும் ஒரு கிராமில் 5,00,000 ஐ.யு. செறிவில் வரும். கிலோவுக்கு 2,500 ஐ.யு. ஆக்க, குறைகிற 1,300 ஐ.யு.-வை நிரப்ப 100 கிலோ தீவனத்துக்குத் தேவை கால் கிராம் சொச்சம்தான். அதை எந்தக் கடைத் தராசிலும் நிறுக்க முடியாது. அதனால் முதலில் 10 கிராம் டி3 பொடியை 990 கிராம் உலர்ந்த, சலித்த, எண்ணெய் நீக்கிய தவிட்டில் நன்றாகக் கலந்து ஒரு கிலோ ஆக்கிக்கொள்ளுங்கள். இப்போது ஒரு கிராமில் 5,000 ஐ.யு.; 100 கிலோவுக்கு 26 கிராம் எடுத்தால் கணக்குச் சரி. செறிவான டி3 பொடியைக் கையாளும்போது முகக்கவசமும் கையுறையும் போடுங்கள். டப்பா மேல் என்ன பொடி, எவ்வளவு செறிவு, எந்தத் தேதி என்று எழுதி ஒட்டிவிடுங்கள். எழுதாத டப்பாவை அடுத்த முறை வேறொருவர் எடுத்து அளவு மாற்றிப் போட்டுவிடுவார்.

பி வைட்டமின்களுக்குத் தனிப் பாக்கெட். இ-க்கு 50 சதவீதப் பொடி என்றால் 100 கிலோவுக்கு 10 கிராம் போட்டால் கிலோவுக்கு 50 மில்லிகிராம் கிடைக்கும்.

10 கிராம் பொடி 100 கிலோவில் எப்படிச் சமமாகப் பரவும்?

மூட்டை மேல் தூவிவிட்டு மண்வெட்டியால் இரண்டு புரட்டு புரட்டினால் பரவாது. ஒரு குஞ்சு நாளைக்குத் தின்பது 15, 20 கிராம். அந்த ஒரு கைப்பிடிக்குள் எல்லா வைட்டமினும் வந்துசேர வேண்டும். படிப்படியாகப் பெருக்கிக் கலப்பதுதான் முறை.

நாட்டுக்கோழிக் குஞ்சுக்கு ஒரு கலவையை எடுத்துக்கொள்வோம். மக்காச்சோளம் 52 கிலோ, சோயா புண்ணாக்கு 28, எண்ணெய் நீக்கிய தவிடு 16.5, டைகால்சியம் பாஸ்பேட் 1.5, சுண்ணாம்புக்கல் தூள் 1.2, உப்பு 300 கிராம். மீதி அரைக் கிலோவுக்குள் நுண்தாதுக் கலவை, மெத்தியோனின் (ஒரு அமினோ அமிலம்), கோலின் (பி வைட்டமின் போன்ற ஒரு சத்து), வைட்டமின் எல்லாம் அடங்க வேண்டும். ஏறத்தாழ 20 சதவீதப் புரதம் வரும்.

தவிட்டில் அரைக் கிலோவை எடுத்துச் சலித்து, வைட்டமின் பொடிகளை மட்டும் அதில் போட்டு, மூடியுள்ள வாளியில் நன்றாகக் குலுக்குங்கள். அதை 2 கிலோ தவிட்டோடும், பின் 10 கிலோ தவிட்டோடும் சேர்த்துக் கலந்துகொள்ளுங்கள். முதல் குலுக்கு முடிந்ததும் ஒரு சிட்டிகை உள்ளங்கையில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். பி2-வின் மஞ்சள் ரேகைக்குள் இழுபடும்; ஏ-யின் பழுப்பு நிறச் சிறுமணிகள் விரலுக்கடியில் நெருடும். கட்டியாக மஞ்சள் திட்டு தெரிந்தால் இன்னும் கலக்கவில்லை என்று அர்த்தம். நுண்தாதும் கோலினும் இந்த வாளிக்குள் வரக் கூடாது. அவற்றை வேறு தவிட்டில் கலந்து தனியாகச் சேர்க்க வேண்டும்.

கலவை இயந்திரத்தில் முதலில் மக்காச்சோளமும் சோயாவும், அவை பாதி சுற்றியதும் வைட்டமின் தவிடு, எண்ணெய் சேர்ப்பதாக இருந்தால் கடைசியில். செங்குத்து இயந்திரத்துக்கு 10 முதல் 15 நிமிடம், கிடைமட்ட இயந்திரத்துக்கு 4, 5 நிமிடம். தரையில் கலப்பவர்கள் குவியலை இடம் மாற்றி நான்கு முறையாவது புரட்ட வேண்டும். நிறுப்பதற்கு நகைக்கடைப் பாணிச் சிறு மின்தராசு போதும். தேக்கரண்டி அளவு வேண்டாம். ஒரே கரண்டி ஒரு பொடியில் 3 கிராமும் இன்னொரு பொடியில் 5 கிராமும் பிடிக்கும்.

கோலினை ஏன் பிரித்து வைக்கச் சொல்கிறீர்கள்?

கோலின் குளோரைடு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக் கசியும். அந்த ஈரத்தில் கே, பி1, பி6 போன்றவை வேகமாக அழியும். மயில்துத்தம் போன்ற தாமிர உப்புகள் ஏ-யையும் இ-யையும் ஆக்சிஜனேற்றம் செய்துவிடும். எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் கலந்து மாதக்கணக்கில் வைத்தால், பெயர் இருக்கும், சத்து இருக்காது. தீவனத்தில் கலந்த பிறகு இந்தச் சேதம் குறைவு, ஏனென்றால் அங்கே எல்லாம் நீர்த்துப்போய்விடுகிறது. 60 சதவீதக் கோலின் பொடி 100 கிலோவுக்கு 100 கிராம் என்பது வழக்கமான அளவு.

இரண்டாவது வாரத்தில் குஞ்சு காலை மடக்கி உட்கார்ந்துவிடுகிறது. விரல் உள்பக்கமாகச் சுருண்டிருக்கிறது.

பி2 குறைவு. குஞ்சு குதிகால் மூட்டால் நடக்கும். தள்ளினால் சிறகை விரித்துச் சமாளிக்கும். பசி இருக்கும், தீவனத்தொட்டிக்குப் போக முடியாது. இறந்த குஞ்சை அறுத்தால் தொடை நரம்பு வழக்கத்தைவிடப் பல பங்கு பருத்து, மிருதுவாக இருக்கும். ஆரம்பத்தில் பிடித்தால் ஒரு குஞ்சுக்கு நாளைக்கு 100 மைக்ரோகிராம் வீதம் இரண்டு நாள் வாய்வழி கொடுப்பதே போதும். கூடவே தீவனத்தில் பி2 சரியாக வேண்டும். விரல் சுருண்டு வெகுநாள் ஆகிவிட்டால் நரம்பு கெட்டிருக்கும். எத்தனை பாட்டில் ஊற்றினாலும் நிமிராது.

ஆறு வாரத்துக்கு மேற்பட்ட கோழி ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் நீட்டிக்கொண்டு படுத்தால் மாரெக்ஸ் என்ற வைரஸ் நோயைச் சந்தேகப்படுங்கள். அதற்கு வைட்டமின் வைத்தியம் இல்லை. குதிகால் மூட்டு வீங்கித் தசைநார் பக்கவாட்டில் நழுவியிருந்தால் மாங்கனீசு, கோலின், பயோட்டின், ஃபோலிக் இவற்றில் ஏதோ ஒன்று குறைவு. நழுவிய நார் திரும்ப ஏறாது, அடுத்த தொகுதியைத்தான் காப்பாற்ற முடியும்.

கழுத்தைப் பின்னால் வளைத்து வானத்தைப் பார்க்கிறது. இது வெள்ளைக்கழிச்சலா, சத்துக் குறைவா?

இந்த ஒரு கேள்விக்கு அவசரப்பட்டுப் பதில் சொல்லாதீர்கள். மூன்று காரணம் இருக்கலாம்.

வெள்ளைக்கழிச்சல் என்றால் கழுத்துத் திருகலோடு பச்சை, வெள்ளைக் கழிச்சலும் மூச்சிரைப்பும் சேர்ந்து வரும், சாவு தொடரும், தடுப்பூசி தவறியிருக்கும். உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள், கோழியை ஊருக்குள் விற்கவோ பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கவோ வேண்டாம்.

பி1 குறைவு என்றால் குஞ்சு குதிகாலில் உட்கார்ந்து தலையை முதுகுப்பக்கம் இழுத்துக்கொள்ளும். கழிச்சல் இருக்காது. வாய்வழியாகவோ ஊசியாகவோ பி1 கொடுத்தால் சில மணி நேரத்தில் தெளிவது தெரியும். அந்தத் தெளிவுதான் சோதனையும். தீவனத்தில் மட்டும் கலந்தால் உதவாது, ஏனென்றால் அந்தக் குஞ்சு தீவனமே தின்னாது. காரணம் தேடும்போது பச்சை மீன் கழிவு போட்டீர்களா என்று யோசியுங்கள். கண்மாய்க் கெண்டை வகை மீனில் பி1-ஐ உடைக்கும் நொதி இருக்கிறது. வேகவைத்தால் அது செயலிழந்துவிடும்.

மூன்றாவது இ குறைவு. பெரும்பாலும் 15-லிருந்து 30 நாள் வயதில் வரும். குஞ்சு நிலைதடுமாறி விழும், கால் நீட்டித் துடிக்கும், சிறுமூளை வீங்கி ரத்தப்புள்ளியோடு இருக்கும். காரணம் அநேகமாகச் சிக்கு வாடை அடிக்கும் எண்ணெய் அல்லது பழைய பச்சைத் தவிடு. எண்ணெய் எடுக்காத தவிடு ஆலையிலிருந்து வந்த சில நாளிலேயே சிக்குப் பிடிக்கும். சிக்குப் பிடித்த கொழுப்பு தீவனத்திலுள்ள இ, ஏ இரண்டையும் தின்றுவிடும். கைப்பிடித் தவிட்டை வெந்நீரில் போட்டு முகர்ந்தால் வாடை தெரிந்துவிடும்.

கண் வீங்கி, உள்ளே தயிர்க்கட்டி போல வெள்ளையாக இருக்கிறதே?

ஏ குறைவாக இருக்கலாம். வாயைத் திறந்து, நாக்கை அழுத்தி, தொண்டைக்குள் வெளிச்சம் காட்டிப் பாருங்கள். தொண்டையிலும் உணவுக்குழாயிலும் குண்டூசித்தலை அளவில் வெள்ளைக் கொப்புளங்கள் வரிசையாகத் தெரிந்தால் சந்தேகம் வலுக்கும். அந்தப் படலத்தை எடுத்தால் ரத்தம் வராது. கோழி அம்மையின் வாய்ப்புண்ணை உரித்தால் ரத்தம் கசியும். முகம் வீங்கி மூக்கில் துர்நாற்றச் சளி வடிந்தால் அது கொரைசா. அதற்கு மருந்து வேறு. கம்பும் குருணையும் மட்டும் தின்கிற அடைப்புக்கோழிகளிடம் ஏ குறைவு அதிகம் தெரியும்.

தோல்முட்டை விழுகிறது. கால்சியம் டானிக் கொடுத்தும் நிற்கவில்லை.

ஒரு முட்டை ஓட்டுக்கு 2 கிராமுக்கு மேல் கால்சியம் வேண்டும். முட்டைக்கோழித் தீவனத்தில் 3.5 முதல் 4 சதவீதம் கால்சியம் இருக்க வேண்டும். பாட்டில் டானிக் அதில் சிறு துளி. முதலில் கிளிஞ்சலும் சுண்ணாம்புக்கல்லும் சரியான அளவில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பாதியாவது பொடியாக இல்லாமல் குருணையாக இருந்தால் இரவில் மெல்லக் கரைந்து ஓடு கட்ட உதவும். அடுத்தது டி3. அது இல்லாமல் கால்சியம் எச்சத்தோடு போய்விடும். குஞ்சில் டி3 குறைந்தால் அலகை விரலால் வளைக்கலாம், ரப்பர் போல வளைந்து கொடுக்கும்.

கோடையில் வரும் மெல்லிய ஓட்டுக்கு இன்னொரு காரணம் உண்டு. கோழி வாயைத் திறந்து இரைக்கும்போது ரத்தத்திலிருந்து கரியமில வாயு வெளியேறி, ஓடு கட்டத் தேவையான கார்பனேட் குறைகிறது. டி3-ஐக் கூட்டினால் இது சரியாகாது. கொட்டகையைக் குளிர்விக்க வேண்டும்.

கத்திரி வெயிலில் என்ன சேர்க்கலாம்?

மே மாதத்தில் இங்கே 40 டிகிரியைத் தொடும்போது தேவை கூடுகிறது, தீவனம் எடுப்பதோ குறைகிறது. 110 கிராம் தின்ற கோழி 95 கிராம் தின்றால் வைட்டமினும் ஏறத்தாழ 14 சதவீதம் குறைந்தே உள்ளே போகிறது. அதனால் கோடைத் தீவனத்தில் 10 கிராம் போடும் இடத்தில் 11.5 கிராம் போடுவது நியாயமான கணக்கு.

சி வைட்டமினைக் கோழி தானே செய்தாலும் கடும் வெப்பத்தில் அது போதாது. தீவனத்தில் 100 கிலோவுக்கு 20 முதல் 25 கிராம், பூச்சிட்ட வகையாக. தண்ணீரில் என்றால் 10 லிட்டருக்கு 2 முதல் 4 கிராம்; சில மணி நேரத்துக்குள் குடித்து முடியும் அளவு மட்டும் கரையுங்கள். நம் ஆழ்துளைக் கிணற்றுக் கடினநீரும் இரும்புத் துருவும் சி-யைச் சீக்கிரம் கெடுக்கும். முட்டைக்கோழிக்கு இ-யைக் கிலோவுக்கு 200 மில்லிகிராம் அளவுக்கு வெயிலுக்கு முன்பே, ஏப்ரல் தொடக்கத்திலேயே ஏற்றினால் முட்டை வீழ்ச்சி மட்டுப்படும்.

கூரையில் தென்னங்கீற்று, மதியம் தெளிப்பு, விடியற்காலை 5 மணித் தீவனம், பகல் 11-லிருந்து 4 வரை தீவனம் போடாமை, குளிர்ந்த தண்ணீர் இவை இல்லாமல் வைட்டமின் மட்டும் கோழியைக் காப்பாற்றாது.

கழிச்சல் மருந்து கொடுக்கும்போது கூடவே பி-காம்ப்ளக்ஸ் விடலாமா?

ரத்தக்கழிச்சலுக்கு ஆம்ப்ரோலியம் கொடுக்கும் நாட்களில் விடாதீர்கள். ஆம்ப்ரோலியம் பி1 போல வேடமிட்டு ஒட்டுண்ணியைப் பட்டினி போடும் மருந்து. நீங்கள் பி1 ஊற்றினால் ஒட்டுண்ணிக்குச் சோறு போட்ட மாதிரி. மருந்து முடிந்த பிறகு மூன்று நாள் கொடுங்கள். இதையே தலைகீழாகவும் பாருங்கள்: ஆம்ப்ரோலியத்தை அளவுக்கு மிஞ்சி வெகுநாள் கொடுத்தால் கோழிக்கே பி1 குறைவு வரும். ரத்தக்கழிச்சலில் ஏ-யும் கே-யும் தரலாம், தர வேண்டும். சல்பா மருந்து தரும்போதும் கே-யின் தேவை கூடும். அலகு வெட்டுவதற்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் தண்ணீரில் கே கொடுத்தால் ரத்தம் சீக்கிரம் நிற்கும்.

தண்ணீரில் விடும்போது கவனிக்க வேண்டியவை?

சாதாரண நாளில் கோழி தின்னும் தீவனத்தைப் போல இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கும், கோடையில் அது மூன்று நான்கு மடங்காகும். பாட்டில் அளவு கோழி எண்ணிக்கைக்குச் சொல்லப்பட்டதா, லிட்டருக்குச் சொல்லப்பட்டதா என்று பாருங்கள். லிட்டர் கணக்கைக் கோடையில் அப்படியே பின்பற்றினால் இரட்டிப்பு அளவு போய்விடும். நான்கு மணி நேரத்தில் தீரும் தண்ணீரில் ஒரு நாள் அளவைக் கரைத்து, காலையிலேயே கொடுத்துவிடுங்கள். ஒளி புகும் வெள்ளைத் தொட்டி வெயிலில் இருந்தால் பி2 மதியத்துக்குள் பாழ். குளோரின் கலந்த அன்று வைட்டமின் வேண்டாம். நிப்பிள் குழாய் உள்ளவர்கள் வைட்டமின் கொடுத்த மாலையே வெறும் தண்ணீரை அழுத்தி விட்டுக் கழுவ வேண்டும். இல்லையென்றால் டானிக்கின் சர்க்கரையில் குழாய்க்குள் வழுவழுவென்று பாசிபோலப் படர்ந்து, அதிலிருந்தே அடுத்த கழிச்சல் கிளம்பும். தண்ணீர்வழித் தடுப்பு மருந்தோடு எந்த டானிக்கையும் கலக்கக் கூடாது. அதற்கு முந்தைய நாளும் மறுநாளும் தரலாம்.

முருங்கை, அகத்தி, அசோலா (நீரில் மிதந்து வளரும் சிறு பெரணி) போட்டால் பிரிமிக்ஸை நிறுத்திவிடலாமா?

குறைக்கலாம், நிறுத்த முடியாது. முருங்கையிலும் அகத்தியிலும் கரோட்டின் நிறைய, கே-யும் உண்டு. கோழியின் உடம்பில் ஒரு மில்லிகிராம் பீட்டா கரோட்டின் 1,667 ஐ.யு. ஏ-க்குச் சமம் என்பது வழக்கமான கணக்கு. ஆனால் டி3-ம் பி12-ம் கீரையில் இல்லை. பச்சையாகக் கட்டித் தொங்கவிடுவது நல்லது. காயவைப்பதென்றால் நிழலில் மட்டும்; மொட்டைமாடி வெயிலில் காயவைத்த கீரையில் கரோட்டின் பெரும்பகுதி போய்விடும். இலைத்தூள் தீவனத்தில் 5 சதவீதம் வரை சரி. அசோலாவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். அதை வயிறு நிரப்பக் கொடுத்தால் தீவனம் எடுப்பது குறைந்துவிடும்.

மஞ்சள் கரு வெளிறினால் வைட்டமின் குறைவா?

அவசியமில்லை. நிறம் தருவது மக்காச்சோளம், கீரை, செண்டுமல்லி இதழ் இவற்றிலுள்ள சாந்தோஃபில் என்ற மஞ்சள் நிறமி. கம்புத் தீவனத்தில் வைட்டமின் ஏ முழு அளவில் இருந்தாலும் கரு வெளிறித்தான் இருக்கும்.

அடைமுட்டை வைத்தால் பாதி பொரிக்கவில்லை. இதில் வைட்டமினுக்குப் பங்கு உண்டா?

உண்டு. முட்டைக்குள் இருக்கும் 21 நாளுக்கான சத்து முழுவதும் தாய்க்கோழி தின்றதுதான். பொரிக்காத முட்டையை உடைத்துப் பார்த்தால் கரு எந்த நாளில் நின்றது என்று தெரியும். நான்காம் நாள் வாக்கில் நின்றிருந்தால் இ குறைவு, இரண்டாம் வாரத்தில் என்றால் பி2, 17, 18-ம் நாளில் என்றால் பி12 என்று சந்தேகிக்கலாம். இன்குபேட்டர் சூடும் ஈரமும் சரியாக இருந்த பிறகே இந்தச் சந்தேகம். புதுமுட்டையின் வெள்ளைக்கரு இளம்பச்சை மஞ்சளாக மின்னுவதே பி2-வின் நிறம்தான். அது நிறமே இல்லாமல் இருந்தால் கவனியுங்கள். தாய்க்கோழித் தீவனத்தைச் சரிசெய்தால் இரண்டு வாரத்தில் பொரிப்பு மேலேறும். உடைந்த முட்டையைப் பச்சையாகக் கோழிக்கே போடாதீர்கள். பச்சை வெள்ளைக்கரு பயோட்டினைக் கட்டிப்போடும்; கோழிக்கு முட்டை தின்னும் பழக்கமும் வரும்.

கம்பெனித் தீவனத்தோடு இன்னும் சேர்க்கலாமா? அதிகமானால் என்ன ஆகும்?

ஒப்பந்தப் பண்ணைக்கு வரும் தீவனத்தில் எல்லாம் கணக்காகவே இருக்கும். இடமாற்றம், தடுப்பூசி, வெயில் போன்ற நாட்களில் இரண்டு மூன்று நாள் பி-காம்ப்ளக்ஸ், சி தரலாம். பி வரிசையில் மிகுந்தது பெரும்பாலும் எச்சத்தோடு போய்விடும். ஏ, டி3 அப்படியல்ல, உடம்பில் தேங்கும். டி3 பல மடங்கு மிகுந்தால் சிறுநீரகத்தில் சுண்ணாம்பு படிந்து கோழி வற்றிச் சாகும். மனிதருக்கான மீனெண்ணெய் மாத்திரையைக் குஞ்சுக்கு உடைத்து ஊற்றுவதை நிறுத்துங்கள். அதில் ஒரு சொட்டு எத்தனை ஐ.யு. என்று உங்களுக்கும் தெரியாது, குஞ்சுக்கும் தாங்காது.

திறந்த பாக்கெட்டை எவ்வளவு நாள் வைக்கலாம்?

தகரக் கொட்டகையில் வைத்தால் காலாவதித் தேதிக்கு அர்த்தமே இல்லை. வீட்டில் குளுமையான, இருட்டான அறையில், காற்றைப் பிதுக்கிக் கட்டி, மூடியுள்ள டப்பாவுக்குள் வையுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் தீரும் அளவே வாங்குங்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் வெளியே எடுத்த உடனே திறக்காதீர்கள். பாக்கெட் அறைச்சூட்டுக்கு வரும்வரை பொறுக்காவிட்டால் உள்ளே வியர்த்துக் கட்டி பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னும் கவனம் வேண்டும். கலந்த தீவனத்தைக் கோடையில் 10 முதல் 15 நாளில், மற்ற காலத்தில் மூன்று வாரத்தில் தீர்த்துவிடுங்கள்.

தீவனத்தை எங்கே சோதிப்பது?

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. ஆலோசனைக்குத் திருப்பரங்குன்றத்திலுள்ள கால்நடைப் பல்கலைக்கழகப் பயிற்சி, ஆராய்ச்சி மையமும், பக்கத்திலுள்ள அரசு கால்நடை மருத்துவமனையும் உண்டு. ஐந்தாறு மூட்டைகளின் மேல், நடு, அடிப்பகுதியிலிருந்து எடுத்து ஒன்றாகக் கலந்து, அதில் அரைக் கிலோவைப் புதுப் பையில் கட்டி அனுப்புங்கள். முதலில் ஈரப்பதம், அஃப்லாடாக்ஸின் என்ற பூஞ்சை நஞ்சு, கால்சியம், உப்பு இவற்றைப் பாருங்கள். மானாவாரி மக்காச்சோளத்தை ஈரத்தோடு மூட்டை பிடித்தால் வரும் பூஞ்சை நஞ்சு ஈரலையும் குடலையும் கெடுத்து, போட்ட வைட்டமின் ஒட்டாமல் செய்துவிடும். அஃப்லாடாக்ஸின் மிகுந்திருந்தால் அந்த மூட்டையை மாற்றாமல் பிரிமிக்ஸை மாற்றிப் பயனில்லை. கால் மடங்கிய குஞ்சோடு நேரில் போவதானால் உயிரோடு இரண்டு, அன்று இறந்தது ஒன்று, அது தின்ற தீவனம், நீங்கள் போட்ட பொடியின் பாக்கெட் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள்.